இடது பக்கத்துக் கீழ்ப்பல்

வாயை மூடிக்கிடுங்கம்மா, பேசப்பிடாது, முழுங்கப்பிடாதுன்னு சொல்லிட்டு டாக்டர் கை கழுவப் போயிட்டாவ. மூடிட்டேன். மூடாம என்ன செய்ய? மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு லாடம் கணக்கா ரெண்டு தட்டு, தட்டு நிறையப் பல்லுக் கூச்சத்துக்கு மருந்து, கொழகொழன்னு. எச்சில் ஊறி மருந்தோட தொண்டைக்குள்ள இறங்கிராம இருக்க உதட்டோரம் ஒரு குழாய் மாட்டியிருக்கு, அது கர்ர்ருன்னு உறிஞ்சிக்கிட்டே கிடக்கு. புளியங்குடியில என் வாயை அடைச்ச முதல் ஆளு இந்த டாக்டர் நஸ்ரின்தான். எங்க வீட்டு அவிய பாத்தா டாக்டருக்கு மாலை வாங்கிப் போடுவாவ. வேலாயுதம். மனசுக்குள்ள புருசன் பேரைச் சொன்னா ஒண்ணும் ஆயிராது. மருமவ மாரிச்செல்வி என் தலைமாட்டுல நிக்கா. அவ ஸ்கூட்டியிலதான் வந்தேன். என் பை அவ கையில, கண்ணாடி அவ கையில, இப்ப என் வாயும் அவகிட்டதான். டாக்டர் கேக்கதுக்கெல்லாம் அவதான் பதில் சொல்லுதா. வயசு அம்பத்தாறுன்னு சொன்னா. ஆவணி வந்தாத்தான்டி அம்பத்தாறு. சீனி இல்ல, பிரசர் இல்லன்னா. அது சரி. என்ன வேலை பாக்காங்கன்னு கேட்டதுக்கு, ஊறுகாய் போடுதாங்கன்னா. போடுதாங்க! எலுமிச்சங்காய வெட்டுதது வேலைக்கு வார பார்வதி, உப்புல பெரட்டுதது இவ, வண்டியில ஏத்துதது என் மவன் தளவாய். நான் போடல. நான் வாயில வச்சுப் பாத்து, சரின்னு சொல்லுதேன். நான் சரின்னு சொல்லாம எங்க வீட்டுல இருந்து ஒரு ஜாடி வெளிய போனதில்ல. இன்னிக்குச் சாயங்காலம் மதுரை ஓட்டலுக்கு வண்டி வருது, கொட்டாயில வரிசையா எலுமிச்சை ஜாடி நிக்கு, ஒண்ணையும் நான் இன்னும் பாக்கல. இந்த டாக்டர் என்னடான்னா, நான் மறு வார்த்தை சொல்லுத வரைக்கும் புளிப்பு பக்கமே போகப்பிடாதுன்னுட்டாவ. தட்டை உள்ள வைக்கதுக்கு முந்தி சொல்லியிருந்தா நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வச்சுட்டுச் சொல்லுதாவ.

மேல வெள்ளையா சீலிங்கு. ஒரு மூலையில ஈரம் கோத்து மஞ்சளா இருக்கு, மேல் வீட்டுக்காரன் பாத்ரூமாத்தான் இருக்கும். ஏசிக் காத்து நேரா முகத்துல விழுது. வாயை மூடியிருக்கதால பொழச்சேன். இல்லன்னா இந்தக் காத்துக்கு இடது பக்கத்துக் கீழ்ப்பல்லு இந்நேரம் என்னை எந்திரிச்சு ஓட வச்சிருக்கும். சித்த முந்தி அந்தப் பிள்ளை, டாக்டர்தான், என் மவன் வயசு கூட இருக்காது, கையில ஒரு சின்னத் துப்பாக்கியக் கணக்கா வச்சுக்கிட்டு, காத்து அடிச்சுப் பாக்கேம்மான்னு ஒவ்வொரு பல்லா அடிச்சுச்சு. மேல் வரிசை பரவாயில்ல. கீழ இடது பக்கம், கடைவாய்க்கு முந்தின பல்லுல பட்டுச்சு பாரு, ஆத்தாடி, காதுக்குள்ள போயி, கண்ணுக்குப் பின்னால சுத்தி, பிடரியில வந்து நின்னுச்சு. ஒரு நொடிதான். ஒரு நொடிக்கு மேல அது என்னிக்கும் நிக்காது, அதான் அதோட தந்திரம். வலின்னா ஆசுபத்திரிக்குப் போவோம், காய்ச்சல்னா கசாயம் வைப்போம். இது வந்த சுவடு தெரியாம போயிரும், போன பிறகு நான் யாருகிட்ட என்ன சொல்ல? முதல்ல வந்தது கடையநல்லூர்ல ஒரு கல்யாணத்துல. பந்தி முடியுத நேரம் ஐஸ்கிரீம் கப்ப நீட்டுனான் ஒரு பையன். ஒரு வாய் வச்சேன். தும்மல் வாரது மாதிரி முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டேன். பக்கத்து இலைக்காரி ஐஸ் சேராதா மதினின்னா. சேரும் சேரும்னேன். அந்தால சாரல் மாசம் வந்துச்சு. மத்தவங்களுக்குச் சாரல்னா குத்தாலம், குளியல், மிளகாய் பஜ்ஜி. எனக்கு அந்த மேக்காத்து ஒரு எதிரி. வீட்டை விட்டு இறங்கினா வாயை மூடிக்கிடணும். ஸ்கூட்டியில பின்னால உக்காந்தா முந்தானைய வாயில கட்டிக்கிடணும். மாரிச்செல்வி கேப்பா, என்ன அத்தை, பேசாம வாரீங்க, கோவமான்னு. கோவந்தான்னு தலையாட்டிருவேன். கோவம்னா யாரும் மேல கேக்க மாட்டாவ. அது எவ்வளவு வசதி.

குழாய் இழுக்குத சத்தம் மாறுது. எச்சில் குறைஞ்சா ஒரு மாதிரி, கூடினா ஒரு மாதிரி. இந்த மருந்து ஸ்ட்ராபெர்ரி வாசத்துல இருக்கும்மா, குமட்டாதுன்னு டாக்டர் சொன்னாவ. குமட்டல. ஆனா ஒரு ருசியும் தெரியலயே. வெந்த மைதாவ வாயில வச்ச மாதிரி இருக்கு. அந்தப் பழத்தை நான் தின்னதில்ல, அதனால தெரியலயா இருக்கும். டாக்டர் திரும்பி வந்து உக்காந்து மாரிச்செல்விகிட்ட என் பல்லப் பத்திப் பேசுதாவ, பிரின்சிபால் தாய் தகப்பன்கிட்ட பேசுத மாதிரி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பள்ளம் பள்ளமா தேஞ்சிருக்காம். மேல இருக்க பீங்கான் போயி உள்ள இருக்க பல்லு வெளிய வந்துட்டாம், அதுக்குள்ள பொடிப்பொடியா துவாரம் இருக்காம், அது வழியா குளிரும் புளிப்பும் நேரா நரம்புகிட்ட போகுதாம். பிரஷ்ஷு எப்படிப் போடுவாங்கன்னு கேட்டாவ. ரொம்ப சுத்தம் டாக்டர், ஒவ்வொரு ஜாடி பாத்ததும் ஒரு தடவை பல்லு வெளக்குவாங்கன்னா இவ. பெருமையாத்தான் சொன்னா. நானும் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். ஒரு ஜாடிப் புளிப்பு வாயில இருக்கும்போது அடுத்த ஜாடியத் தொட்டா ரெண்டும் கலந்துக்கிடும்லா. வெறும் தண்ணியில கொப்பளிச்சா போகாது. அதுக்குன்னே கொட்டாய்க் குழாயடியில ஒரு பிரஷ்ஷு வச்சிருக்கேன், இருக்கதுலயே முரட்டு நாரு. அழுத்தித் தேச்சு, துப்பி, அடுத்த ஜாடி. வெறும் வயித்துல, காப்பிக்கு முந்தி. எங்க தெருவுல யாரு இப்படிச் செய்வா? டாக்டர் பேனாவ மூடி வச்சாவ. பெறவு மெதுவாச் சொன்னாவ, அதாம்மா பல்லை அரிச்சிருச்சு. எலுமிச்சை பட்ட உடனே பல்லு மேல்தோலு இளகிப் போயிருமாம். அந்த நேரத்துல பிரஷ்ஷப் போட்டா இளகினதெல்லாம் வழிச்சுக்கிட்டு வந்துருமாம். புளிப்பு தின்னா தண்ணிய வச்சுக் கொப்பளிச்சுட்டு, குறைஞ்சது ஒரு அரை மணி நேரம் பல்லைத் தொடப்பிடாதாம். மெத்துன்னு இருக்க பிரஷ்ஷு, அழுத்தம் இல்லாம, ரெண்டு விரல்ல பிடிச்சு. கூச்சத்துக்குன்னு இருக்க பேஸ்ட்ட ராத்திரி விரலால தடவி அப்படியே விட்டுரணுமாம், கொப்பளிக்கவே கூடாதாம். நான் சுத்தம் சுத்தம்னு இத்தனை வருசமா என் பல்லை நானே சீவித் தள்ளியிருக்கேன். கூறுகெட்டவளே. சிரிப்பு வந்துச்சு. தட்டு ஆடுச்சு. அசையாதீங்கம்மான்னாவ.

புளிப்பு தொடப்பிடாதாம்லா. சொல்லிட்டாவ. சொல்லுதவங்களுக்கு என்ன? இந்தப் பிள்ளைக்கு மருத்துவம், எனக்கு நாக்கு. நாக்க எடுத்து அலமாரியில வச்சுட்டு மறு வார்த்தை வரைக்கும் நான் கொட்டாயில என்ன செய்ய, ஈ ஓட்டவா? விலை போகாத எலுமிச்சங்காய் மூடை மூடையா எங்க அவிய கமிசன் கடையில அழுகிக் கிடந்த வருசம், இத உப்புல போட்டா என்னன்னு கேட்டது நான். அப்ப நாக்கப் பத்தி யாரும் பேசல. வித்து முடிஞ்ச பெறவுதான் அவிய சொன்னாவ, புஷ்பத்துக்கு நாக்குல தராசு இருக்குன்னு. அந்தால அது ஊரெல்லாம் பரவிப் போச்சு. புட்டியில ஒட்டுத லேபிள்ல என் பேரைப் போட்டாவ, தங்கபுஷ்பம் ஊறுகாய்னு. படம் போடணும்னு தளவாய் சொன்னான். மூஞ்சிய எவன் தின்னப் போறான், பேரு போதும்னேன். காலையில நான் ஜாடிகிட்ட போனா வெட்டுத சத்தம் நின்னுரும். எல்லாரும் என்னைப் பாப்பாவ. இதுதான்னு சொன்னா எல்லாருக்கும் மூச்சு வரும். இதெல்லாம் ஒரு பெரிய அதிகாரமான்னு கேட்டா, எனக்கு வேற என்ன இருக்கு? கடை அவிய பேருல, வீடு அவிய அப்பா பேருல, ஸ்கூட்டி இவ பேருல. இந்த வருசம் பாரு, போன வருசம் மாதிரி இல்ல, ஒரு படி மேலன்னு பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாவ. கோயில் கொடையில மூணாவது பந்தியில ஊறுகாய் தீந்துபோயி ஆளு விட்டாவ. அந்த மதுரைக்காரரு போன்லயே சொன்னாரு, அம்மா உங்களுக்குக் கைப்பக்குவம் கூடியிருக்குன்னு. இவ்வளவு கூச்சத்தோட, பல்லக் கடிச்சுக்கிட்டு, இந்த வருசம்தான் என் நாக்கு உச்சத்துல நிக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன். இந்த நேரத்துல நிறுத்துன்னா? மறு வார்த்தை வந்து, பல்லு சரியாகி, நான் திரும்பிப் போயி நிக்கும்போது வெட்டுத சத்தம் நிக்காமப் போச்சுன்னா? பயமாத்தான் இருக்கு. யாருகிட்ட சொல்ல, வாயில தட்டு.

டாக்டர் கேட்டாவ, இவ்வளவு நாளா இவ்வளவு கூச்சத்த எப்படிப் பொறுத்துக்கிட்டாங்க, ஏதாவது தடவுனாங்களான்னு. இல்லன்னு சொல்லுடி. அது யாருக்கும் தெரியாது. கிராம்புத் தைலம் சின்னப் புட்டியில வாங்கி, சேலைப் பெட்டிக்குள்ள, பட்டுச்சேலை மடிப்புல வச்சிருக்கேன். காலையில பஞ்சுல தொட்டு அந்தப் பல்லுல அமுக்கி, நல்லா மரத்ததும்தான் கொட்டாய்க்குப் போவேன். மரத்தாலும் முழுசா மரக்காது, எலுமிச்சை பட்டா லேசாக் குத்தத்தான் செய்யும், ஆனா தாங்கலாம். அந்தப் பஞ்சக்கூட நான் குப்பையில போடல, அடுப்புல போட்டேன். கிராம்புத் தைலம் டாக்டர், ஒரு வருசத்துக்கு மேலேன்னா மாரிச்செல்வி.  டாக்டர் ச்சு கொட்டுனாவ. அது நாக்கையும்லா மரக்க வச்சிரும், ருசி தெரியுதா அவங்களுக்குன்னாவ. குழாய் கர்ர்ருன்னு உறிஞ்சிக்கிட்டுக் கிடந்துச்சு. அந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சிருப்பா. குரலத் தாழ்த்தினா. தாழ்த்தினாலும் என் தலைமாட்டுலதான நிக்கா. "உப்பு தெரியல டாக்டர். எல்லா ஜாடியிலயும் உப்பு கம்மி, போடுன்னு சொல்லுவாங்க. நாங்க சரின்னு சொல்லிட்டுப் போட மாட்டோம்."

போட மாட்டோம். யாரு, நாங்க? நாங்கன்னா எத்தனை பேரு? வாயில தட்டு இருக்கு, முழுங்கப்பிடாது, எந்திரிக்கப்பிடாது. சீலிங்கு மூலையில அந்த மஞ்சக் கறை அப்படியே இருக்கு. நான் உப்பு போடச் சொன்னா இவ பாத்திரத்துல உப்ப அள்ளிக்கிட்டுக் கொட்டாய்க்குள்ள போவா. நான் கண்ணால பாத்திருக்கேன். வரும்போது பாத்திரம் காலியா இருந்துச்சா? பாக்கலயே. நான் எதுக்குப் பாக்கேன், சொன்னது நடக்கும்னு இருக்கவதான. மறுநாள் காலையில வந்து அதே ஜாடியத் திரும்ப வாயில வச்சுப் பாப்பேன். அய்யோ. பாத்துட்டுச் சொல்லுவேன், இப்பத்தான்டி சரியா இருக்குன்னு. சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன். ஒரு கல்லு உப்பு கூட விழாத ஜாடியப் பாத்து. அவங்க எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெட்டிக்கிட்டு இருந்தாவ. அது மரியாதைன்னு நினைச்சேன். சிரிப்ப அடக்கினாவளோ? இல்ல, பார்வதி அப்படிப்பட்டவ இல்ல. பாவம்னு நினைச்சிருப்பாவளோ? சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. அப்ப டீச்சர் வீடு தேடி வந்து சொன்னது? கோயில் கொடையில தீந்துபோனது? கைப்பக்குவம் கூடியிருக்குன்னாரே அந்த மனுசன், யாரு கை? இந்தா என் கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கால்லா, இவ கை. எனக்கு இவள அடிக்கணும் போல இருக்கு. அடிச்சு முடிச்சு இவ மடியில படுத்துக்கிடணும் போலயும் இருக்கு. என்ன வெக்கம் இது. பல்லு வலிச்சா ஒரு நொடியில போயிரும். இது போகல. நின்னுக்கிட்டே இருக்கு. டாக்டர் வந்து, ஆச்சும்மா, வாயைத் திறங்கன்னாவ. தட்டு வெளிய வந்துச்சு, அதோட ஒட்டிக்கிட்டு நூலு நூலா எச்சில். துப்புங்க, ஆனா கொப்பளிக்காதீங்கன்னாவ. துப்பினேன். பெறவு தேஞ்ச பள்ளத்துல எல்லாம் சின்னத் தூரிகை மாதிரி ஒண்ணால பசை தடவினாவ. வெளிய அரை மணி நேரம் உக்காந்திருங்க, தண்ணி கூடக் குடிக்காதீங்க, திரும்பக் காத்து அடிச்சுப் பாத்துட்டு அனுப்புதேன்னாவ.

வெளிய பிளாஸ்டிக் நாற்காலி. டிவியில சத்தமில்லாம யாரோ சமைச்சுக்கிட்டு இருந்தாவ. மாரிச்செல்வி பக்கத்துல உக்காந்து, தலை சுத்துதா அத்தைன்னு கேட்டா.  இப்ப பேசலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ, ஆனாலும் பேசல. என்ன பேச? எங்க இருந்து ஆரம்பிக்க? இவ கல்யாணமாகி வந்த புதுசுல வாய் திறக்க மாட்டா, ஊமைப் பிள்ளையக் கட்டிக்கிட்டு வந்துட்டமோன்னு நான் அவியகிட்ட கேட்டிருக்கேன். இப்ப ஒரு வருசமா என் முகத்துக்கு நேரா சரி அத்தை, சரி அத்தைன்னு சொல்லிட்டுக் காரியத்த மாத்திச் செஞ்சிருக்கா. எவ்வளவு தைரியம். நான் இவ வயசுல இதச் செஞ்சிருப்பேனா? செஞ்சிருக்க மாட்டேன். உப்பக் கொட்டியிருப்பேன், ஊறுகாய் நாசமாப் போனா போகட்டும், மாமியா மானம் போகட்டும்னு நினைச்சிருப்பேன். இப்ப என் நாக்கு மரப்பு விட்டு லேசா ஊறுது. காலையில தைலம் வைக்கல, டாக்டர்கிட்ட வாரதால. நாளைக்கும் வைக்காம இருந்தா உப்பு திரும்ப வருமா? தைலத்தை விட்டா வரும்னுதான் டாக்டர் உள்ள வச்சுச் சொன்னாவ. வரட்டும், வரலன்னா போகட்டும். இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கேட்டேன்.

"அவியளுக்குத் தெரியுமா?"

அவ திரும்பிப் பாத்தா. குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேட்டுப்போச்சுன்னு அவளுக்கு அப்பத்தான் விளங்கிச்சு.  பையோட வாரைப் பிடிச்சு முறுக்கினா. அழுதுருவாளோன்னு பாத்தேன், அழல. மாமாதான் சொன்னாங்கன்னா. போன வருசம் முதல்ல போட்ட எலுமிச்சையில நான் சொன்னபடி உப்ப அள்ளிப் போட்டதுல ஒரு ஜாடி கரிச்சுப் போச்சாம், பார்வதி வாயில வச்சுப் பாத்துட்டு இவகிட்ட சொல்ல, இவ மாமாகிட்ட சொல்ல, அவிய ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அவகிட்ட சொல்லாதீங்க, உடைஞ்சு போயிருவா, நீங்க பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவளாம். வேலாயுதம். தினமும் மோருச்சோத்துக்கு அந்த ஊறுகாயத் தொட்டுக்கிட்டு, புஷ்பம் நாக்குன்னா நாக்குதான்னு என் முகத்தப் பாத்துச் சொன்ன வேலாயுதம். நீங்க உடைக்காம வச்சிருந்த லட்சணத்தை வீட்டுக்கு வந்து பேசிக்கிடுதேன்.  கனைச்சேன். கோவம் இருந்துச்சு, ஆனா அது எங்கயோ தூரத்துல, அடுத்த தெருவுல சத்தம் போடுத மாதிரி இருந்துச்சு. நான் தொழில்காரி. முதல்ல கேக்க வேண்டியதக் கேப்போம். உப்புல நான் தப்பு பண்ணிட்டேன், சரி, புளிப்பு? அதையும் மாத்தினீங்களான்னு கேட்டேன். எலுமிச்சையில உப்ப விடப் புளிப்புதான் கஷ்டம். காய் உப்புல ஊறி எந்த நாளு இளகி, எந்த நாளு எடுத்து மிளகாயில போடணும்கிறது அந்தப் புளிப்ப வச்சுத்தான். ஒருநாள் முந்தினாலும் பச்சையா அடிக்கும், ஒருநாள் பிந்தினா சப்புன்னு போயிரும்.

"இல்ல அத்தை. புளிப்பு நீங்க சொன்னது ஒருநாளும் தப்பல. அதுல நாங்க கைவைக்கவே இல்ல. மாமாவும் அதைத்தான் சொல்லுவாங்க, எப்படித்தான் தெரியுதோன்னு."

என்னைத் தேத்துததுக்குச் சொல்லுதாளோன்னு அவ கண்ணைப் பாத்தேன். இல்ல, நிசமாத்தான் சொல்லுதா. அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிசம், ஒரு நிமிசந்தான் இருந்துச்சு. டிவியில ஒருத்தி வாணலியில எண்ணெய் ஊத்தினா. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாக்கு மரத்துக் கிடந்துச்சுன்னா உப்பு தெரியாது, சரி. நாக்கு மரத்துக் கிடந்துச்சுன்னா புளிப்பு மட்டும் எப்படித் தெரியும்? அதே நாக்குதான, அதே தைலந்தான. ஒவ்வொரு ஜாடியா நினைச்சுப் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு, துண்ட நாக்குல வச்சு, இடது பக்கம் ஒதுக்குவேன். ஏன் இடது பக்கம்? வலிக்குத பக்கம் எதுக்கு ஒதுக்குதேன்? ஒதுக்கினா சாறு இறங்கும், பல்லுல படும், தைலத்தையும் மீறி ஒரு குத்து குத்தும். குத்து சுருக்குன்னு இருந்தா காய் இன்னும் பச்சை. அரைக் குத்தா, வந்து அப்படியே அமுங்கினா, பதம். இதுதான்னு சொல்லுவேன். அய்யய்யோ. நான் ருசியே பாக்கல. ஒரு வருசமா என் வாயில வேலை பாத்தது அந்தப் பல்லு. தேஞ்சு, பள்ளம் விழுந்து, நரம்பு வெளிய தெரியுத அந்த ஒத்தைப் பல்லு. புளியங்குடியில இருந்து மதுரை வரைக்கும் தங்கபுஷ்பம் நாக்கு தங்கபுஷ்பம் நாக்குன்னு சொன்னதுல பாதி இந்தப் பிள்ளை கை, மீதி அந்தப் பல்லோட கூச்சம். நான்னு அதுல எங்க இருக்கேன்? இப்ப அந்தப் பொடித் துவாரத்தை எல்லாம் பசை போட்டு மூடிட்டு வந்து உக்காந்திருக்கேன். துடைச்சு எடுத்திரலாமா? துப்பிரலாமா? சிரிப்பாச் சிரிப்பாவ. ராத்திரி தூங்கவிடாத பல்லு, சாரலுக்கு எதிரே நிக்கவிடாத பல்லு, அத ஆத்தப் போயி இப்ப அது ஆறிருமோன்னு நான் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். சொல்லிட்டேன். மாரிச்செல்விகிட்டதான் சொன்னேன், வேற யாரு இருக்கா?

"புளிப்பு சொன்னது நாக்கு இல்லடி. அந்தப் பல்லு. அது குத்துதத வச்சுத்தான் சொன்னேன். இனி அது குத்தாது. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு உடனே விளங்கல. என் வாயைப் பாத்தா, டாக்டர் ரூம் கதவைப் பாத்தா, திரும்ப என்னைப் பாத்தா.  நாக்கு சரியாயிரும் அத்தை, தைலத்தை விட்டா எல்லாம் வந்துரும்னு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் அதத்தான் எதிர்பாத்தேன், சொன்னா எரிஞ்சு விழணும்னும் இருந்தேன். அவ சொல்லல. பையைக் கீழ வச்சுட்டு நாற்காலிய இழுத்துக் கொஞ்சம் கிட்ட போட்டுக்கிட்டா. அவ்வளவுதான். ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கிட்டு இருந்தோம். யாரோ ஒரு அம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்தா, பிள்ளை கன்னம் வீங்கியிருந்துச்சு. உள்ள இருந்து நர்சுப் பிள்ளை தங்கபுஷ்பம்னு பேரைக் கூப்பிட்டுச்சு. யாரோ வேற ஒருத்தியக் கூப்பிடுத மாதிரி ஒரு நொடி அப்படியே உக்காந்திருந்தேன். மாரிச்செல்விதான் முழங்கையத் தொட்டா.

நாற்காலியில சாய்ஞ்சேன். விளக்கை இழுத்து என் முகத்துக்கு மேல வச்சாவ. டாக்டர் சின்னக் கண்ணாடியால கன்னத்த ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இப்ப காத்து அடிக்கேம்மா, கூசினா கையைத் தூக்குங்கன்னாவ. கையை நாற்காலிப் பிடியில வச்சுத் தயாரா இருந்தேன். வரட்டும். பிடரி வரைக்கும் வரட்டும். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன், பைத்தியக்காரி. காத்து வந்துச்சு. வந்தது காதுக்குக் கேட்டுச்சு, உதட்டுல குளுமை தெரிஞ்சுச்சு. இடது பக்கத்துக் கீழ்ப்பல்லு சும்மா இருந்துச்சு. இன்னொரு தடவை அடிச்சாவ. நல்லாக் கிட்டக் கொண்டுவந்து, நின்னு நிதானமா அடிச்சாவ. பல்லு இருக்கான்னு சந்தேகம் வந்து நாக்கால தொட்டுப் பாத்தேன். இருந்துச்சு. கை தூக்கவேயில்ல, பிடியிலயே இருந்துச்சு. கண்ணு ரெண்டுலயும் தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள இறங்குச்சு. டாக்டர் பதறிப் போயி காத்த நிறுத்திட்டு, அம்மா, இன்னும் வலிக்குதா, கையைத் தூக்கலயேன்னு கேட்டாவ. வாயைத் திறந்தபடி கிடக்கேன், என்னத்தைச் சொல்ல? டாக்டர் பதிலுக்காக மாரிச்செல்வியப் பாத்தாவ. அவ என் நெத்தியில கைய வச்சா.

"வலிக்கல டாக்டர். அதுக்குத்தான் அழுறாங்க."